மூக்கம்மாவுக்கு நாறிய நாட்கள்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. பால் ஆலையில் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. டேங்கர் ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் மூக்கம்மா. முதலில் கேலிக்கு வைத்தது, பிறகு பயத்தில் நிலைத்துவிட்டது.

அவள் வேலை அப்படி. டேங்கர் வந்து நின்றதும் பக்கவாட்டு ஏணியில் ஏறி, மேல்மூடியை ஒரு விரற்கடை மட்டும் தூக்கி, வெளிக்காற்று கலப்பதற்கு முன்னால் மூக்கை உள்ளே கொடுக்க வேண்டும். ஒரே மூச்சு. இரண்டாவது மூச்சில் மூக்கு பழகிவிடும், பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அந்த முதல் மூச்சில் புளிப்போ, தீவன வாடையோ, டேங்கரைக் கழுவிய சோடாக் காரமோ, துருவோ, எது இருந்தாலும் அவள் சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகுதான் நீளக் கரண்டியில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. "மூக்கை நுழைக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே பொம்பளை நீதான்" என்று அவள் கணவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

மூக்கு இத்தனை கூர்மையாக இருந்தும் அவளுக்கு அருவருப்பு என்பது கிடையாது. மீன் பதப்படுத்தும் ஐஸ் ஆலைக்குப் பின்புறம் இருந்த வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். செதிலும் குடலும் மிதக்கும் சாக்கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனாள். நாற்றம் என்பது அவளுக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். ஆலையில் யாராவது வாந்தி எடுத்தால் மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்குவார்கள். இவள் வாளியும் துடைப்பமுமாக வந்து நிற்பாள். சாக்கடை அடைத்துக்கொண்டால் முழங்கை வரை கையை விட்டு எடுப்பாள். மூக்கைப் பொத்திக்கொள்வது மற்றவன் வேலை செய்யட்டும் என்று சொல்லுவதற்கு ஒரு நாகரிகமான வழி என்பது அவள் எண்ணம்.

அப்படிப்பட்டவளுக்கு, நாற்பதைத் தாண்டிய பிறகு, அந்த நாற்றம் வந்தது.

ஒரு காலை டேங்கர் மூடியைத் தூக்கினாள். முடி கருகுகிற வாடையும் அழுகின முட்டையும் சேர்ந்து பிசைந்தது போல ஒன்று முகத்தில் அடித்தது. அடித்ததோடு நிற்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி நெஞ்சுக்கு ஏறி, தொண்டையில் வந்து உட்கார்ந்தது. ஓங்கரித்துக்கொண்டே கீழே இறங்கி, லோடைத் திருப்பு என்றாள். ஓட்டுநர் குதித்தான். விடியற்காலையில் கறந்த பால், வழியெல்லாம் ஐஸ் தண்ணீரில் வந்த பால், என் கண்ணைப் பார்த்துச் சொல்லு என்றான். ஆய்வகத்து அதிகாரி வந்து மாதிரி எடுத்துப் பார்த்தார். பால் சுத்தம். அவள் திரும்ப ஏறி மூடியைத் தூக்கினாள். பால் பால் மாதிரிதான் மணத்தது.

அது தொடக்கம். பிறகு டேங்கர் மூடியைத் தூக்கும்போதுதான் வரவேண்டும் என்று இல்லாமல் எங்கே வேண்டுமானாலும் வந்தது. பேருந்தில் வந்தது. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது வந்தது. தட்டில் கை வைக்கும்போது வந்து, பசியோடு உட்கார்ந்தவளை எழுப்பிவிட்டது. வந்தால் ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் பார்க்கிறாளோ அதுதான் நாறுவது போலத் தோன்றும். அப்படித்தான் ஒவ்வொன்றாக அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. தலையணையைத் தூக்கிப் போட்டாள். சமையலறையை நாளுக்கு இருமுறை ஃபினாயில் விட்டுக் கழுவினாள். கணவன் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொன்னாள். ஒரு நாள் அவன் ஆசையாகத் தோளில் கை வைத்தபோது அந்த நாற்றம் வந்துவிட்டது. அவன் கையைத் தட்டிவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். அவன் பாவம், கதவுக்கு வெளியே நின்று தன் கையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மூக்குதான் கெட்டுவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் குழாய் விட்டுப் பார்த்து மூக்கு நன்றாக இருக்கிறது என்றார். இன்னொருவர் சைனஸ் என்று சொட்டு மருந்து எழுதினார். ஆலையில் அவள் சொல்லுக்கு மதிப்பு குறைந்தது. நல்ல பாலைத் திருப்பிவிடுவாளோ என்று இன்னொருத்தியையும் ஏணியில் ஏற்றினார்கள். ஓட்டுநர்கள் கூசாமல் அவள் காதுபடவே பேசினார்கள். வீட்டுக்கு வந்து அழுதால் கணவன், மூக்குக்கும் வயசாகும், விடு என்பான்.

இந்த அலைச்சல் தொடங்கிய நாட்களிலேயே ஒரு விடியற்காலை எழுந்தபோது படுக்கை நனைந்திருந்தது. உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலி, நாக்கோரத்தில் கடித்த புண். தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டேன், நீ ஏதோ கெட்ட கனவில் பல்லைக் கடித்தாய் என்று கணவன் சொல்லி, அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தானே விரிப்பை மாற்றினான். அவளுக்குத் தலை தெளியவில்லை. கனவு நினைவில்லை என்றாள். இது இன்னொரு முறையும் நடந்தது.

அவர்கள் குடியிருந்தது கணவனின் அண்ணன் வீட்டில். அண்ணன் மாடியில், தம்பி கீழே. அண்ணனை வீட்டில் எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அப்பா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அதை அவரும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்கவிட்டதில்லை. டைல்ஸ் கடை வைத்திருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்பு கலையாது. அவர் மூச்சு விடச் சொன்னால்தான் தம்பி விடுவான் என்று மூக்கம்மா ஓரகத்தியிடமே சொல்லியிருக்கிறாள். ஓரகத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடிப்போடி, எனக்கும் அதே கதைதான் என்பாள்.

பெரியவரின் மகனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண்ணும் அவளுடைய அப்பா அம்மாவும் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. மூக்கம்மா உதவிக்கு மாடிக்குப் போனாள். சமையலறையில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது நாற்றம் வந்தது. வழக்கம்போலப் போய்விடும் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது போகவில்லை. அவளுக்குத் தெரிந்தது அதுவரைதான்.

மீதியை அவள் பின்னால் ஓரகத்தியிடம் துண்டு துண்டாகப் பிடுங்கித்தான் தெரிந்துகொண்டாள்.

விழுந்தவளின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. பெரியவரும் தம்பியும் அவளைத் தூக்கி உள்ளறைக் கட்டிலில் போட்டார்கள். பல்லுக்கு நடுவே எவர்சில்வர் கரண்டியைக் கொடுக்கச் சொன்னது பெரியவர். கொடுத்தது ஓரகத்தி. கீழ்வரிசைப் பல் ஒன்று உடைந்தது. ரத்தமும் நுரையும் தலையணையில் வழிந்தன. அதே நேரம் வாசலில் கார் வந்து நின்றது.

பெரியவர் கையைக் கழுவிக்கொண்டு, உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, வந்தவர்களை வரவேற்கப் போனார். போகும்போது தம்பியிடம், வலிப்பு தானாக நின்றுவிடும், சத்தம் போடாதே என்றார். நிற்கவும் செய்தது. ஆனால் அவள் கண் விழிக்கவில்லை. மறுபடி ஆரம்பித்தது. கட்டிலின் கால் சுவரில் இடித்தது. டொக் டொக்கென்று அந்தச் சத்தம் முன்னறைக்குக் கேட்டது.

பெண், அது என்ன சத்தம் என்று கேட்டாளாம்.

"வாஷிங் மெஷின்மா. பழசு. ஓட ஆரம்பிச்சா வீடே ஆடும்" என்றாராம் பெரியவர். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

தம்பி ஒருமுறை வெளியே வந்து அண்ணனைத் தனியே கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்று கெஞ்சியிருக்கிறான். இந்த நேரத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள், குடும்பத்தில் வலிப்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை வெளியே போனால் பையன் கதி என்ன, இன்னும் ரெண்டு நிமிஷம் பொறு என்றிருக்கிறார் அண்ணன். அந்த ரெண்டு நிமிஷம் எப்போது முடியும் என்று தம்பி கேட்கவில்லை. உள்ளே போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூக்கம்மா நறுக்கிவைத்த பழம் தட்டில் போயிற்று. இரண்டாவது டீ போயிற்று. பெண்ணின் அப்பா மொட்டைமாடியைப் பார்க்கலாமா என்று கேட்டார். பெரியவர் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியைக்கூட விடாமல் காட்டினார்.

கார் கிளம்பிய பிறகுதான் அவளைப் பின்படி வழியாக இறக்கினார்கள். கணவனின் வேன் நிறையக் கழற்றிப்போட்ட ஃபிரிட்ஜ் பாகங்கள். அதற்கு நடுவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ் அப்போதும் சொல்லப்படவில்லை. அக்கம்பக்கம் பார்க்குமாம்.

ஊசி போட்டார்கள், நிற்கவில்லை. அதே ஊசியை இன்னொரு முறை போட்டார்கள், நிற்கவில்லை. வேறு மருந்தை ரத்தத்தில் ஏற்றினார்கள். கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குக் குழாய் வைத்து, மூளையை ஆழ்ந்த தூக்கத்தில் போட்டுத்தான் அடக்க முடிந்தது.

பல நாட்கள் கழித்து அவள் கண் திறந்தபோது வாய் முழுக்கப் புண்ணின் நாற்றம். அது நிஜ நாற்றம். நாக்கு உடைந்த பல்லைத் துழாவியது. தன்மேல் தானே கூசினாள். மூத்திரக் குழாய், ஒட்டிப்போன தலைமுடி, யாரோ துடைத்துவிட்ட உடம்பு. ஊரார் அழுக்கையெல்லாம் அள்ளிப்போட்டவளுக்குத் தன் உடம்பைப் பார்க்க முடியவில்லை. கடந்த சில மாதங்களில் பாதி நினைவில்லை. ஆலைக்குப் போகும் பேருந்தின் எண் நினைவுக்கு வரவில்லை.

நரம்பியல் மருத்துவர் ஒரு நடுவயதுப் பெண். அவசரக்காரி, ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நகராதவள். பேச்சு ஓரளவு தெளிந்த அன்று மூக்கம்மா அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் வலிப்பு வந்தது, ஒரே ஊசியில் நின்றது. எனக்கு ஏன் நிற்கவில்லை?

மருத்துவர் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"மூளையில ஒரு செல் இன்னொண்ணை உசுப்பிக்கிட்டே இருக்கும். அதை அடக்குறதுக்குன்னு ஒரு ரசாயனம் இருக்கு, காபான்னு பேரு. அது வந்து சேர்றதுக்குச் செல்லோட மேல்தோல்ல ஏற்பின்னு சொல்லுவோம், குட்டிக் குட்டிக் கதவு மாதிரி வச்சுக்கங்க. காபா வந்து உட்கார்ந்தா கதவு திறக்கும், செல் அடங்கும். நாங்க போட்ட ஊசிக்குன்னு தனியா எந்தச் சக்தியும் இல்ல. காபா வந்து உட்காரும்போது அந்தக் கதவு இன்னும் நல்லாத் திறக்கிறதுக்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான்."

அந்தக் கதவுகள் ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் இருப்பதில்லை என்றாள். நல்ல நாளிலேயே செல்லின் தோல் அங்கங்கே உள்பக்கம் குழிந்து, சின்னக் குமிழாகக் கிள்ளிக்கொண்டு, சில கதவுகளை உள்ளே கொண்டுபோய்விடும். உள்ளிருந்து வேறு சில வெளியே வரும். போவதும் வருவதும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வலிப்பு நிற்காமல் ஓடினால் அந்தக் கணக்கு கெடுகிறது. அடக்கும் கதவுகள் மளமளவென்று உள்ளே போகின்றன. திரும்பி வருவது குறைகிறது. உள்ளே போனதில் ஒரு பங்கைச் செல்லே கரைத்துவிடுகிறது. போதாததற்கு, உசுப்பிவிடும் ஏற்பிகள் வெளியே கூடிக்கொண்டு போகின்றன.

"ஆக, ஊசி வந்து சேர்ந்தப்ப..." என்றாள் மூக்கம்மா.

"பிடிச்சுக்கிறதுக்கு ஆள் குறைஞ்சு போச்சு. மருந்து வெளிய சுத்திக்கிட்டு இருக்கு, கதவு செல்லுக்குள்ள கிடக்கு. அதனாலதான் வேற வழியில போக வேண்டியதாச்சு."

"எவ்வளவு நேரத்துல இப்படி உள்ள போகும்?"

"அஞ்சு நிமிஷம் தாண்டினாலே நாங்க அவசரம்னுதான் எடுத்துக்குவோம். அரை மணி ஆனா நிலைமையே வேற. உங்களைக் கொண்டு வந்தப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருந்துச்சு. ஏன் அவ்வளவு லேட்டுன்னு அன்னிக்கே கேட்டேன், யாரும் வாய் திறக்கல."

கணவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். மருத்துவர் மேலே கேட்டுக்கொண்டே போனாள். விழுவதற்கு முன்னால் ஏதாவது தெரிந்ததா, கண்ணில் பூச்சி, காதில் சத்தம், நாற்றம் என்று எதுவாவது. மூக்கம்மா எல்லாவற்றையும் சொன்னாள். டேங்கர், தலையணை, சொட்டு மருந்து. மருத்துவர் தலையை ஆட்டினாள். அதுவும் வலிப்புதான் என்றாள். மூளையில் வாசனையைப் பார்த்துக்கொள்ளும் பகுதியில் பழைய தழும்பு ஒன்று தெரிகிறது, சின்ன வயதுக் காய்ச்சலில் வந்திருக்கலாம். அங்கே கிளம்பும் சின்ன வலிப்பு நாற்றமாக வரும், குமட்டும், அடங்கிவிடும். மூக்கில் ஒரு கோளாறும் இல்லை.

"தூக்கத்துல எப்பவாவது வந்திருக்கா? படுக்கை நனைஞ்சு, நாக்கு கடிபட்டு?"

இந்தக் கேள்வியை மருத்துவர் அவளிடம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று கணவனைப் பார்த்துக் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான்.

அந்த ஒரு பார்வையில் மூக்கம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மருத்துவர் போகட்டும் என்று காத்திருந்தாள்.

"செம்பு கவுந்துச்சுன்னு சொன்னீங்க" என்றாள்.

அவன் முதலில் மென்று விழுங்கினான். பிறகு வந்தது. முதல் முறை பார்த்தபோது அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. காலையில் அண்ணனிடம் போய்ச் சொன்னான். அண்ணன், மகன் கல்யாணம் முடியட்டும், அதுவரை அவளுக்கே தெரிய வேண்டாம், தெரிந்தால் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவாள், நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்றார். தவிர, வலிப்புக்காரி என்றால் ஆலையில் ஏணி ஏற விடுவார்களா என்று அவனுக்கும் பயம். நல்லதற்குத்தான் என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். மூக்கு கெட்டுவிட்டது என்று மருத்துவர் மருத்துவராக அலைந்தபோது அவன் கூடவே வந்தான். குழாய் விட்டபோது கையைப் பிடித்துக்கொண்டான். சைனஸ் மருந்தை நேரம் தவறாமல் மூக்கில் விட்டான். தெரிந்துகொண்டே விட்டான். ஆலையில் அவள் பேர் நாறியபோது மூக்குக்கு வயசாயிற்று என்று ஆறுதல் வேறு. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இது அந்த வலிப்பின் குமட்டல் இல்லை. எந்த வாடையும் கூட வரவில்லை.

"தள்ளி நில்லுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஆலைக்குப் பின்புறச் சந்தில், தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை ஒன்றைப் பிடித்துக்கொண்டு தனியே இருந்தாள். கீழே தையல்காரி ஒரு குரலுக்கு ஓடிவருவாள். ஆலையில் ஏணி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்கும் தெரியும். பாக்கெட் போடும் கூடத்தில் கசிவு பார்க்கும் வேலை கொடுத்தார்கள். ஈரத் தரை, சிதறிய பாலின் புளித்த வாடை, ஓயாத இயந்திரச் சத்தம். அவளுக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை. மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாள். நாற்றம் வருவது குறைந்து, பிறகு எப்போதாவது என்று ஆயிற்று. தலையணையும் சமையலறையும் மறுபடி சாதாரணமாக மணத்தன. கணவனையும் அண்ணன் குடும்பத்தையும் நினைத்தால் வருகிற குமட்டல் மட்டும் ஒரு மாத்திரைக்கும் அசையவில்லை. அப்போதுதான், இது நோயில் வந்ததல்ல, என்னுடையதுதான் என்று அவளுக்கு உறுதியாயிற்று.

பெரியவர் ஒரு நாள் ஓரகத்தியோடு வந்தார். பழக்கூடை கொண்டுவந்திருந்தார். படி ஏறி வந்ததில் வேர்த்தும் சட்டை மடிப்பு கலையவில்லை. தனியறையில் இருப்பது குடும்பத்துக்கு அழகில்லை, நடந்தது நடந்துவிட்டது, கல்யாணத்துக்கு நீ இல்லாமல் எப்படி என்று சுற்றி வளைத்தார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"நான் என்ன தெரிஞ்சா செஞ்சேன்? தானா நின்னுடும்னுதானே எல்லாரும் சொல்றாங்க."

"ஒரே ஊசியில நின்னிருக்கும் மாமா, நேரத்துக்குப் பாத்திருந்தா. அடக்குறதுக்கு எது வேணுமோ அது மூளையில ஒவ்வொண்ணா உள்ள போய்க்கிட்டு இருந்துச்சு. நீங்க தண்ணித் தொட்டியைச் சுத்திக் காட்டிக்கிட்டு இருந்தீங்க."

பெரியவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார், இதையெல்லாம் யார் சொன்னது என்பது போல. ஓரகத்தி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். உன் வாயில் கரண்டியைத் திணித்த கை இது, எனக்குச் சோறு இறங்கவில்லை என்று அவள் ஏற்கனவே வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். மூக்கம்மா அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

"நீங்க கையைக் கழுவிட்டுத்தான் அவங்களை வரவேற்கப் போனீங்களாமே" என்றாள். அவர்கள் போன பிறகு கூடையைக் குப்பையில் போட எடுத்தாள். தின்கிற பொருளைக் கொட்ட மனம் வரவில்லை. ஆனால் தொட்டுத் தின்னவும் முடியாது. பாக்கெட் கூடத்துப் பெண்களிடம் கொடுத்துவிட்டாள். யார் கொடுத்தது என்று அவர்கள் கேட்டதற்கு, யாரோ என்றாள்.

பெரியவரின் மகனுக்குப் பேசியிருந்த அந்தப் பெண் வந்தது அதற்குப் பிறகு. கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஓரகத்திதான் விலாசம் கொடுத்திருக்கிறாள். நாற்காலியில் உட்காராமல், கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"அத்தை, அன்னிக்கு நாங்க வந்தப்ப உள்ள ஓடினது வாஷிங் மெஷினா?"

மூக்கம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். சின்னப் பெண். பொய் ஒன்றைச் சொல்லி அனுப்பினால் எல்லோருக்கும் சௌகரியம். அந்த வீட்டில் எல்லோருக்கும் எப்போதும் சௌகரியம்தான் முக்கியம்.

"இல்லம்மா. நான்தான்."

பெண் பிறகுதான் உட்கார்ந்தாள். நான் கேட்டேன் அத்தை, என்ன சத்தம்னு கேட்டேன், எழுந்து பார்த்திருக்கலாம் என்றாள். மூக்கம்மா தண்ணீர் கொடுத்தாள். அன்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வலிப்பு பரம்பரையாக வருகிற வகை இல்லை, பையனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். பெண் கிளம்பும்போது, இந்தக் கல்யாணம் நின்றுவிடும் என்று மூக்கம்மாவுக்குத் தோன்றியது. தோன்றியது மட்டுமல்ல, நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். பெரியவரின் சட்டை ஒரு நாளாவது கசங்க வேண்டும்.

கல்யாணம் நடந்தது. பெண் மாப்பிள்ளையிடம் கேட்டாளாம். எங்கப்பா அப்படித்தான், விடு என்றானாம். தனிக்குடித்தனம் என்று மட்டும் பேசி வாங்கிக்கொண்டு அவள் சம்மதித்துவிட்டாள். செய்தி வந்த அன்று மூக்கம்மாவுக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்மேல் கோபமா என்றால் இல்லை. ஒரு சின்னப் பெண்ணின் வாழ்க்கையில் மண் விழ வேண்டும் என்று ஆசையாகக் காத்திருந்திருக்கிறோமே என்பதுதான் தொண்டையில் நின்றது.

கணவன் தினமும் மாலையில் சந்துமுனை வரை வந்துபோனான். கொஞ்ச நாளில் தையல் கடைப் படி வரை வந்தான். அண்ணன் தன் மகன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டும் அவன் போகவில்லை என்று தையல்காரி மூலம் தெரிந்தது. கீழ்வீட்டையும் காலி செய்து, பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறானாம். மூக்கம்மா அதற்கெல்லாம் இளகவில்லை. ஒரு நாள் படிக்கு வந்து, மருத்துவர் கொடுத்திருந்த மருந்தை அவன் கையில் வைத்தாள். வலிப்பு வந்தால் மூக்கில் பீச்சுகிற மருந்து.

"வந்தா முதல்ல மணி பாருங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க. அஞ்சு நிமிஷம் ஆனா இதை அடிங்க, ஆம்புலன்ஸ் சொல்லுங்க. யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம்."

"சரி" என்றான். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். மனசுல எழுதுங்க என்றாள்.

அது தேவைப்பட்டது மழைக்காலத்தில், பேருந்து நிறுத்தத்தில், நட்டநடுப் பகலில். மறுபரிசோதனைக்குப் போகும் வழி, துணைக்கு அவனும் வந்திருந்தான். அவள் பெஞ்சிலிருந்து சரிந்தாள். கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தன் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தான். இன்னொருத்தன் கரண்டி இல்லையா என்று கேட்டானாம். கணவன் அவள் தலைக்கு அடியில் தன் பையை வைத்து, ஒருக்களித்துப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "என் வீட்டுக்காரிக்கு வலிப்பு, யாராவது மணி சொல்லுங்க" என்று கத்தியிருக்கிறான். ஒரு நடத்துனர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் நிமிடமாகச் சொல்லிக்கொண்டு நின்றார். வலிப்பு நிற்கவில்லை. அஞ்சு என்றதும் அவன் மருந்தைப் பீச்சினான். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் சங்கு ஊதிக்கொண்டு, ஊர் பார்க்க, வந்தது.

அவள் கண் விழித்தபோது உடை நனைந்திருந்தது. அவன் அதை மறைக்கவும் இல்லை, செம்பு கவிழ்ந்தது என்று சொல்லவும் இல்லை. "நனைஞ்சிருக்கு, மாத்துத் துணி கொண்டுவந்திருக்கேன்" என்றான்.

அதன் பிறகு அவன் அந்த அறையில் வந்து இருக்கிறான். அவள் மன்னித்துவிட்டாள் என்று தையல்காரி நினைக்கிறாள். அப்படி இல்லை. சில நாள் அருகருகே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சில நாள் அவன் பக்கத்தில் வந்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள். அவனுக்கு அது புரிகிறது. தன் கையை மோந்து பார்ப்பதில்லை.

பல மாதமாக வலிப்பு வராததால் சென்ற முறை மருத்துவர் மாத்திரையில் ஒன்றைக் குறைத்தாள். வீட்டில் கூட யாராவது இருக்கிறார்களா என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"இருக்காரு" என்றாள் மூக்கம்மா. "மணி பாக்கத் தெரியும்."

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.